மோதிரத்தில் இடம் போதாதது

வேல்ஸ் நாட்டில், பாலா ஏரிக்கு ஏறும் தெருவில்
வெள்ளியில் எழுத்து வெட்டுவது என் தொழில்.
முப்பத்தொரு வருஷத்தில்
மிஸ்பா என்ற ஒரு சொல்லை மட்டும்
ஆயிரம் தடவையாவது வெட்டியிருப்பேன்.

இரண்டாய்ப் பிளந்த பதக்கம்.
ஒரு பாதி கப்பலுக்குப் போகிறவனுக்கு,
மறு பாதி கரையில் நிற்கிறவளுக்கு.
நீங்கள் ஒருவரையொருவர் காணாத நாளில்
ஆண்டவர் இருவரையும் பார்த்துக்கொள்வார் என்று
அர்த்தம் சொல்லித்தான் விற்பேன்.
பார்த்துக்கொள்வார்.
எவ்வளவு மெத்தென்ற சொல்!

போன பிப்ரவரியில், புயலில் மின்சாரம் போன இரவு,
வேறு வேலை இல்லாமல்
அந்த அதிகாரத்தை முதல் வரியிலிருந்து படித்தேன்.

காதலர் யாரும் இல்லை அங்கே.
ஒரு மாமனார். ஒரு மருமகன்.
நடுவே ஆடுகள்.
பத்துமுறை கூலியை மாற்றியவர் அவர்.
சொல்லாமல் கொள்ளாமல்
மந்தையோடும் மனைவியரோடும் கிளம்பிவிட்டவன் இவன்.
ஏழு நாள் துரத்தல்.
கூடாரம் கூடாரமாய்ச் சோதனை.
அப்பன் வீட்டுச் சாமிகளை
ஒட்டகச் சேணத்துக்குள் திணித்து
அதன்மேல் உட்கார்ந்துகொண்டு
எழுந்திருக்க முடியாது அப்பா என்கிறாள் மகள்.
பகலில் வெயில் தின்றது, இரவில் பனி தின்றது,
இருபது வருஷம் என்று இவன் கத்துகிறான்.
கடைசியில் கல்லைக் குவிக்கிறார்கள்.
இதைத் தாண்டி நீயும் வராதே, நானும் வரமாட்டேன்.
என் கண் மறைந்தால் நீ என்ன செய்வாய் என்று
எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும்.

பார்த்துக்கொள்வார் அல்ல.
பார்த்துக்கொண்டிருப்பார்.

அதன் பிறகு என்னைத் தாங்க முடியவில்லை எவராலும்.
நிச்சய மோதிரத்துக்கு வந்த டெக்வெனிடம்
மாமனார் கதை முழுவதையும் சொன்னேன்.
அவள் வேறு கடைக்குப் போனாள்.
ஆலய வாசலில் போதகரை மழையில் நிறுத்திச் சொன்னேன்.
அவர் தும்மினார்.

ஏப்ரலில் இட்வால் வந்தான்,
தனக்கும் மச்சானுக்கும் நடுவில் நட
கற்பலகை ஒன்றை டிராக்டரில் போட்டுக்கொண்டு.
"ஏதாவது வசனம் வெட்டு.
அவன் ஆடு என் புல்லில் வாய் வைக்கக் கூடாது."
கைகள் நடுங்கின எனக்கு, சந்தோஷத்தில்.
முப்பத்தொரு வருஷத்தில் முதல்முறையாக
அந்த வசனம் தன் சொந்த இடத்துக்குப் போகிறது.
பாதிக் கூலிதான் வாங்கினேன்.

மெரெரித் வந்தது அதற்கு அடுத்த வாரம்.
அவளுடைய பாதிப் பதக்கம்,
கட்டைவிரல் தேய்த்துத் தேய்த்து
எழுத்து நிழலாகிவிட்டது.
மறு பாதி கணவனோடு மண்ணுக்குள்.
"கொஞ்சம் ஆழமாக வெட்டு" என்றாள்.

வாயை அடக்கியிருக்கலாம் நான்.

முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை
கையுறையைக் கழற்றாமல் நின்றாள்.
"தெரியும்" என்றாள்.
"என் அப்பாவுக்கும் அவருக்கும் பதினொரு வருஷ வழக்கு.
நான்தான் அந்தக் கற்குவியல்.
சரி, அப்புறம் என்ன செய்தார்கள்?"

யார்?

"அந்த இரண்டு பேரும். கல்லைக் குவித்த பிறகு."

எனக்குத் தெரியவில்லை.
மெழுகுவர்த்தி அந்த இடத்தில் தீர்ந்திருந்தது.

"சாப்பிட்டார்கள்.
மலைமேலேயே ரொட்டி. ராத்திரி அங்கேயே தங்கல்.
விடிந்ததும் கிழவன்
மகள்களையும் பேரப்பிள்ளைகளையும் முத்தமிட்டு
ஆசீர்வதித்து வீட்டுக்குத் திரும்பினான்."

அப்படியென்றால் சமாதானம் ஆகிவிட்டதா என்றேன்.

"அப்படி எழுதவில்லை.
ரொட்டி என்று எழுதியிருக்கிறது.
ரொட்டி என்றே படி."

எழுத்தை ஆழமாக வெட்டினேன்,
பழைய கோட்டைவிட்டு மயிரிழை விலகாமல்.
வெள்ளித் தூளை ஊதினேன்.
காசை எண்ணி மேசையில் வைத்துவிட்டு
பேருந்துக்கு ஓடினாள்.

இட்வாலின் கல் நட்டாகிவிட்டது.
போய்ப் பார்த்தேன் ஞாயிற்றுக்கிழமை.
இரண்டு பக்கத்து ஆடுகளும்
அதில்தான் முதுகு தேய்க்கின்றன.
பின்பக்கம் இன்னும் வெறுமையாக இருக்கிறது.